பாப்பா தேடும்

காபிக் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு சுகம் உண்டா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சுகம்தான், யார் இல்லை என்றது? என்னைவிட அதை ரசித்து அனுபவித்தவள் இந்தத் தெருவிலேயே இருக்க மாட்டாள். அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக் என்றால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை எப்போது மிதிக்க வேண்டி வருமோ என்று வலது கால் விறைத்தபடியே இருக்கும். வீட்டுக்குப் போனாலும் அந்தக் கால் அடங்காது. தூக்கத்தில் உதைக்கிறேன் என்று வீட்டுக்காரர் வேறு அறையில் படுக்கிறார். காலையில் பத்தரை மணிக்கு எனக்கு ஒரு வகுப்பு இருப்பதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அந்த நேரம் எனக்கும் காபிக்கும் மட்டும்.

கடை ஒன்றும் பிரமாதமில்லை. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ரயில் பெட்டியைப் போல நீளமாக ஒரு அறை. பால் காயும்போது மெஷின் போடும் உஸ்ஸென்ற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. விழாத பாதியை அவரவர் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிக்கொள்வோம். ஜன்னல் ஓரத்து மேசைக்கு ஒரு கால் குட்டை. யார் கையை ஊன்றினாலும் எல்லார் காபியும் தளும்பும். சூடான கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி விமரிசனம் பண்ணிக்கொண்டு, எங்கேயும் போகிற அவசரமில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவளை ராணி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சாக்ஸ் எங்கே, மாத்திரை எங்கே, சாப்பாடு ஆச்சா என்று கேட்க அங்கே ஆளில்லை.

அந்த மேசையில் நாங்கள் மூன்று பேர். வாசலில் நிற்கும் என் வண்டியை வைத்து எனக்கு எல் போர்டு என்று பேர். எதிரில் உட்காருபவர் குறுக்கெழுத்து. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கடைக்கு வரும் பத்திரிகையில் கட்டங்களை நிரப்புவதே அவருக்கு வேலை. வேறு வேலை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மூன்றாமவர் எழுபதைத் தொட்ட மனிதர், உயரமானவர், தோள் மட்டும் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். காபிக்கு அரைக் கரண்டிச் சர்க்கரைதான் போட வேண்டும். ஒரு துகள் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். முதலாளி ஒருநாள் எரிச்சலில், "அரைச் சர்க்கரை வந்தாச்சு, ஜாக்கிரதை!" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னார். அதுவே பேராகிவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவர் அரைச் சர்க்கரை. நான் புதிதில் வாயைத் திறந்து மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"எல் போர்டம்மா, வீடு, வேலை, வியாதி இது மூணும் செருப்பு மாதிரி. வாசல்லயே விட்டுட்டு வரணும். உள்ள வந்தா ஊர்வம்பு மட்டும்தான்."

"அப்ப உங்க பேரு?"

"அதுவும் வாசல்லதான் கிடக்கு."

எனக்கு இப்படி ஒரு வரம் யார் கொடுப்பார்கள்? பேரில்லை, ஊரில்லை, உறவில்லை. வாய் மட்டும்தான். அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். எதிர்ச்சாரியில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு ஆளைப் பற்றி வாரக்கணக்கில் கதை கட்டினார். அந்த ஆளுக்கு ஒரு கல்யாணம் பண்ணிவைத்து, விவாகரத்தும் வாங்கிக்கொடுத்தார்.

ஆனால் எந்தக் கதை எந்த உச்சத்தில் இருந்தாலும் சரி, சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார், சட்டென்று எழுந்துவிடுவார். "பாப்பா தேடும்" என்பார். சட்டத்தைப் போட்டவரே மீறுவது அந்த இரண்டு வார்த்தையில் மட்டும்தான். முதலாளியிடம் ஒரு பன் வாங்கிக்கொள்வார். ஓரமெல்லாம் சீவிக் கொடுக்க வேண்டும்; பாப்பாவுக்குக் கடிக்க வராது.

பாப்பா தேடும். பாப்பா தூங்கியிருக்கும். பாப்பாவுக்கு இடி இடிச்சா ஆகாது. குழந்தையைச் சொல்வதுபோல 'தேடும், தூங்கும்' என்றுதான் சொல்வார். 'தேடுவா' என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை, பேத்திதான். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், இவர் ஒரு மணி நேரம் யாரிடமோ விட்டுவிட்டு வருகிறார் என்று நானாகவே ஒரு குடும்பத்தைக் கட்டி வைத்திருந்தேன். குறுக்கெழுத்துக்காரர், "பூனைங்க, சந்தேகமே வேணாம். பேத்தின்னா இந்நேரம் போட்டோ காட்டியே நம்மளக் கொன்னுருப்பாரு" என்பார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டோம். "பாப்பாவுக்கு என்ன வயசு?" அவர் சிரித்துக்கொண்டே பன்னைச் சட்டைப் பையில் வைத்தார். "அதுக்கு என்னிக்கும் ஒரே வயசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். "பாத்தீங்களா, பூனை!" என்று குறுக்கெழுத்துக்காரர் மேசையைத் தட்டினார். எல்லார் காபியும் தளும்பியது.

அன்றைக்குப் பன்னை முன்னாலேயே வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அன்றைக்கும் கதை நடுவில்தான் நின்றது. சொல்லிக்கொண்டே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார், எழ முடியவில்லை. கப் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நான் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வலது கை மேசையிலிருந்து தானாகச் சரிந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"பா... பா..." என்றார்.

"அப்பாவக் கூப்பிடறாரு" என்றார் குறுக்கெழுத்துக்காரர், பேயறைந்த மாதிரி நின்றுகொண்டு.

"எழுபது வயசுல எந்த அப்பா? பாப்பாங்கறாருய்யா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

நான் கூடவே ஏறிப் போனேன். வழியெல்லாம் அவருடைய இடது கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் செத்துப்போன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! கண் மட்டும் என்னை விடவில்லை. "பாப்பா தேடும், தெரியும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதைப் பார்த்துக்கொள்வது, எங்கே என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள் போவதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

வாசலில் நர்ஸ் கேட்டார், "பேஷன்ட் பேரு?"

"அரைச் சர்க்கரை" என்று வாயில் வந்துவிட்டது.

"ஷுகர் இருக்கான்னு கேக்கலம்மா, பேரு?"

"தெரியாது."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்ல. கூட காபி குடிக்கறவ."

அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! அந்த மனிதர் எந்தக் காலை முதலில் வைத்துப் படியேறுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று தெரியாது. சட்டைப் பையில் ஒரு கதவுச் சாவியும் ஓரம் சீவிய பன்னும் இருந்தன. போன் இல்லை, அட்டை இல்லை. நர்ஸ் இரண்டையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். போலீசுக்கும் சொன்னார்கள். காணவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும் என்றார்கள்.

மத்தியானம் வரைக்கும் எனக்கு இருந்த பயம் அவர் உயிரைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வேறொரு பயம் மெல்லக் கிளம்பியது. மகளோ மருமகனோ இருந்தால் இந்நேரம் தேடி வந்திருக்க வேண்டாமா? கடைக்கு போன் பண்ணினேன். முதலாளி கடையைவிட்டு நகராமல் காத்துக்கொண்டிருந்தார். ஒரு ஈ காக்கை வந்து கேட்கவில்லை. அப்படியானால் வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. அந்தக் குழந்தை, தனியாக, பூட்டிய கதவுக்கு உள்ளே, காலையிலிருந்து. தேட வேண்டியவரே இங்கே படுத்துக் கிடக்கிறார், புகார் யார் கொடுப்பார்கள்?

சாயங்காலம் குறுக்கெழுத்துக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அரைச் சர்க்கரை எப்போதும் மருந்துக் கடைப் பக்கமிருந்துதான் நடந்து வருவார். மழைநாளில்கூடத் தோள் மட்டும்தான் நனைந்திருக்கும். ஆக வீடு பக்கத்தில்தான். அந்தப் பக்கம் வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். இந்தச் சந்துகளில்தான் நான் ஆட்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது. ஒவ்வொரு வளைவும் எனக்கு அத்துப்படி. வீடுகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது.

"பூனையா இருந்தா?" என்றார் குறுக்கெழுத்துக்காரர், பின் சீட்டிலிருந்து.

"பூனைக்கு மட்டும் பசிக்காதா? வாயை மூடிட்டு வாங்க."

படியேறிப் படியேறி இறங்கினோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "ஒரு தாத்தாவும் சின்னக் குழந்தையும் தனியா இருக்கற வீடு இங்க இருக்கா?" காவலாளிகள் யோசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். உயரமாக, தோள் வளைந்து, எழுபது வயது என்றால், அப்படி நாலு பேர் இருக்கிறார்கள், பேத்தி யாருக்கும் இல்லை என்றார்கள். மூன்றாவது கட்டடத்தில் காவலாளியே இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு பெண் கதவுச் சங்கிலியை எடுக்காமலே எட்டிப் பார்த்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அவசரம் முகத்தில் தெரிந்தது.

"குழந்தையா? இந்த மாடியில குழந்தையே கிடையாதுங்க. இருந்தா சத்தம் கேக்குமே."

கதவு மூடிக்கொண்டது. எதிர்வீட்டில் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. குறுக்கெழுத்துக்காரர் அந்தக் கதவைப் பார்த்தார். "சாவியப் போட்டுப் பாக்கலாமா?"

"உள்ள ஆள் இருக்கறப்ப சாவி போடறதா? திருடங்கன்னு பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்க."

"அதுவும் சரிதான். குழந்தை இருக்கற வீட்ல டிவிதான் ஓடும், ரேடியோவா ஓடும்?" என்றார்.

இறங்கிவிட்டோம். இருட்டும் வரைக்கும் மிச்சமிருந்த கட்டடங்களில் ஏறி இறங்கினோம். குழந்தைகள் இருந்த வீடெல்லாம் அப்பா அம்மாவோடு இருந்த வீடுகள். போலீஸ்காரர், "பேத்தி அவ அம்மாகிட்டயே இருக்கலாமேம்மா. நீங்களா ஏன் கெட்டதையே நினைக்கறீங்க?" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போனேனே தவிர சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பு இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்னவோ, வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கற்றுக்கொள்ள வந்தவள் பேங்கில் பெரிய அதிகாரி. காதோரம் நரை ஓடிவிட்டது. ஸ்டீரிங்கைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். பெரிய சாலையில் ஏறும்போது அவள் போன் அடித்தது. எடுக்காதே என்பதற்குள் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"பாப்பா, வண்டியில இருக்கியாடா? மெதுவாப் போ. பசியோட ஓட்டாத, என்ன?"

வயதான ஆளின் குரல். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "அப்பா, கிளாஸ்ல இருக்கேம்பா, வைங்க." என் பக்கம் திரும்பி, "என் பையனுக்கே மீசை முளைச்சாச்சு மேடம், இவருக்கு நான் இன்னும் பாப்பாதான்" என்றாள்.

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. நடுச்சாலையில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. "என்ன மேடம், நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அவள் அலறினாள்.

அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. அட கடவுளே, அதுக்கு என்னிக்கும் ஒரே வயசுதான் என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்னாரே! எங்கள் வீட்டிலேயே என் நாத்தனார் ஐம்பது வயதிலும் பாப்பாதானே! பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மாமியார் அவளை அப்படித்தானே கூப்பிடுகிறார்! இந்த வார்த்தைக்கு வயது கிடையாது என்று தெரிந்தவள்தானே நான்!

அவளை ஓரமாக இறக்கி ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு, கடை வாசலில் குறுக்கெழுத்துக்காரரை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தேன். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விதியையும் அன்றைக்கு நான் மதிக்கவில்லை. ரேடியோ பாடிய அந்த எதிர்வீட்டுக் கதவுதான் கண்முன்னே நின்றது. மூன்றாவது கட்டடம். இரண்டாவது மாடி. அதே பெண், அதே சங்கிலி.

"ஒரு பெரியவரும், வளர்ந்த பொண்ணும். அந்தப் பொண்ணு வெளிய வராது. அப்படி யாராவது இருக்காங்களா?"

"எதிர்வீடுதான்" என்றாள் அவள், யோசிக்கவே இல்லை. "பாவம், அந்தப் பொண்ணு பிறந்ததுலேருந்து படுக்கைதான். பேச்சும் வராது. நாப்பது இருக்கும். அவர்தான் எல்லாம் செய்யறாரு. நேத்து நீங்க குழந்தைன்னு இல்ல கேட்டீங்க?"

சாவி சுலபமாகத் திரும்பியது.

உள்ளே ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. துணையாக இருக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சுத்தமான வீடு. தரையில் ஒரு தூசி இல்லை. ஜன்னலோரமாகக் கம்பி வைத்த கட்டில், மூக்கு வைத்த குவளை, மடித்து அடுக்கிய துணிகள், வரிசையாக மாத்திரை. கட்டிலில் இருந்தவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் குறைவாக இருக்கும். அப்பா இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் கட்டிவிட்டிருந்தார். ஒரு பின்னல் அவிழ்ந்து கம்பியில் சிக்கியிருந்தது. நான் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. குறுக்கெழுத்துக்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வந்த ஆம்புலன்ஸ்காரர் கட்டிலையும் மாத்திரையையும் பார்த்தார். "வலிப்பு மாத்திரை. வேளா வேளைக்குக் குடுக்கணும். நிறுத்தினா தாங்காது" என்றார். "விடியக்காலையில போயிருக்கும்மா."

"நேத்து சாயங்காலம்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "இருந்திருப்பாங்க."

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். சாவி என் கைப்பைக்குள் இருந்தது. உள்ளே அவள் உயிரோடு இருந்தாள். எங்கள் பேச்சுக் குரலைக்கூடக் கேட்டிருப்பாள். கூப்பிட வாய்தான் இல்லை. மருந்துச் சீட்டில் அவள் பேர் இருந்தது. நீளமான, அழகான பேர். பெற்றவர்கள் நாலு பேரைக் கேட்டு, யோசித்து வைத்திருப்பார்கள். அந்தப் பேரைச் சொல்லி நாங்கள் தேடியிருந்தால் கீழ்வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. படியில் இறங்கும்போது குறுக்கெழுத்துக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு, "மூணெழுத்துங்க" என்றார். "மூணே எழுத்து. இதைப் போட்டு நிரப்பத் தெரியாம போச்சே!" பெரிய மனிதர், குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

அரைச் சர்க்கரை பிழைத்துக்கொண்டார். பிழைத்தது நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள். வலது பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. பேச்சு சொல் சொல்லாக வந்தது, முதலில் வந்த சொல் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகளை நாங்களே எடுத்துப்போய்க் காரியத்தை முடித்துவிட்டோம். இப்போது சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார் என்று டாக்டர் தடுத்திருந்தார். ஆனால் நான் எப்போது போனாலும் அவர் இடது கையைக் குவித்து, கரண்டியால் ஊட்டுவதுபோல ஆட்டிக் காட்டுவார். சாப்பிட்டதா? சாப்பிட்டதா? நர்ஸுகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி ஆட்ட வரவில்லை.

பதமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாப்பா போயிடுச்சு" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். கை ஆடுவது நின்றது. அந்தக் கை நின்றதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. சாகக் கிடந்து எழுந்த மனிதர் என்றுகூடப் பார்க்கவில்லை, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேயா! 'என் பொண்ணு படுக்கையில இருக்கா, என் வீடு இன்ன இடம்'னு ஒரே ஒரு வார்த்தை! நாங்க என்ன அந்நியமா? சட்டம் போட்டாராம் சட்டம்! வாசல்லயே விட்டுட்டு வரணுமாம்! வாசக்கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனோமேயா!"

அவர் அழவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"சொன்னா... பாவம்பாங்க" என்றார். "நாப்பது வருஷமா... எல்லாரும்... பாவம்பாங்க. கடையில மட்டும்தான்... யாரும் சொல்லல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்குப் பிறகு அவர் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். நானும் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒருநாள் முதலாளி போன் பண்ணி, "வந்துட்டாரு" என்றார். போய்ப் பார்த்தால் கைத்தடியோடு அதே ஜன்னலோரம், அதே நாற்காலி. எதிரில் குறுக்கெழுத்துக்காரர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து கடை திறக்கும்போதே வந்துவிடுகிறார். சாத்தும் வரைக்கும் எழுந்திருப்பதில்லை. தெருவில் போகிறவர்களைப் பற்றிக் கதை சொல்கிறார். பழைய வேகமில்லை, சொல் பாதியில் அறுந்துவிடும், நாங்கள் இட்டு நிரப்புகிறோம். சிரிக்கவும் சிரிக்கிறோம். கூசிக்கொண்டே சிரிக்கிறோம். நான் வகுப்பு முடிந்து போனாலும் இருக்கிறார், அடுத்த வகுப்பு முடிந்து போனாலும் இருக்கிறார். முதலாளி சாப்பிட எதையாவது வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? நேற்றுச் சாயங்காலம் குறுக்கெழுத்துக்காரர் கிளம்பிப்போன பிறகு கேட்டே விட்டேன். "எப்படி உங்களால இங்க வந்து உட்கார முடியுது? இந்த எழவு காபிக்காகத்தானே எல்லாம் போச்சு? எனக்கே இந்த மேசையப் பாத்தா வயிறு எரியுது. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்களேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கப்பை இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார்.

"வீட்டுக்குப் போனா கட்டில் காலியா இருக்கு, எல் போர்டம்மா."

"அதுக்காக?"

"இங்க எப்பவும் எப்படி உட்கார்ந்திருப்பேன்? பாப்பா வீட்ல தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு. இங்க உட்கார்ந்திருக்கற வரைக்கும் அது தூங்குது." வெளியே பார்த்தார். "எழுந்திரிச்சாதான் இல்ல."

முதலாளி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்க ஆரம்பித்திருந்தார். மெஷினை அணைத்துத் துடைத்தும் முடித்துவிட்டார். வீட்டில் எனக்காக எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். நான் கையைத் தூக்கி இன்னும் இரண்டு காபி கேட்டேன். முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு மெஷினை மறுபடியும் போட்டார்.